ஓனரு சைவம்

வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள 'மேனேஜர்' என்று ஒருவரை வைத்துக்கொள்ளும் வழக்கம் கடலூர், சிதம்பரம் பக்கம் நன்றாகவே வேர்பிடித்துவிட்டது. முன்பெல்லாம் புரோக்கர் மட்டும்தான். வீட்டைக் காட்டுவார், கமிஷனை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு நல்லதோ கெட்டதோ வீட்டுக்காரனுக்கும் குடியிருப்பவனுக்கும் நேரடி வழக்கு. மேனேஜர் அப்படியில்லை. சாவி அவரிடம் இருக்கும். வாடகையை அவர்தான் வாங்குவார். குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவார். யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு அனுப்புவது என்பதையும் அவரே பார்த்துக்கொள்வார். வீட்டுக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மாசம் பொறந்தால் பணம் வந்து விழும். மத்ததெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதற்கும் சேர்த்துத்தான் கமிஷன் கொடுக்கிறார் என்பது என் எண்ணம்.

இது வளர்ந்ததற்கு நம் பக்கத்துக் காரணமும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு, உபரி என்று கணக்கெடுத்து ஊழியர்களை மாநிலம் முழுக்க உள்ள அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அண்ணாமலை நகரைச் சுற்றிக் கடன்பட்டுக் கட்டிய வீடுகளை விட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். கடலூரில் பிள்ளைகள் வெளியூருக்கு வேலைக்குப் போய்ப் பெற்றவர்களையும் அழைத்துக்கொண்டுவிட்ட வீடுகள் தெருவுக்கு ரெண்டு. இந்தச் சாவிகளெல்லாம் சேர்ந்த இடம் மேனேஜரின் மேசை டிராயர்.

இந்த விவகாரத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டி வந்தவன் நான். கடலூர் புதுப்பாளையம் பக்கம் வங்கிக் கடனிலும் மனைவியின் நகையிலும் எழுப்பிய வீடு ஒன்று எங்களுக்கு உண்டு. எனக்குச் சிதம்பரத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. மகளும் அந்த வருஷமே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். ஆக, கடலூர் வீட்டை வாடகைக்கு விட வேண்டும், சிதம்பரத்தில் வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும். அங்கே ஒரு மேனேஜர், இங்கே ஒரு மேனேஜர். அவர்கள் பேரெல்லாம் இங்கே வேண்டாம். ஆளை மாற்றினால் தீருகிற சங்கதியில்லை இது.

சிதம்பரத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எல்லாத் தோழர்களுக்கும் பழகின கதை. போனில் பேசும்போது தேனாகப் பேசினார்கள். நேரில் போனால் கேள்வி ஆரம்பமாகும். சாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் காலம் மலையேறிவிட்டது. "சாருக்குச் சொந்த ஊரு?" என்பார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் என்றால், "ஊருக்குள்ளயா சார், தள்ளியா?" என்று அடுத்த கேள்வி. தள்ளி என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாத்தியார் வேலை என்றால், "ஆதிதிராவிடர் நலப் பள்ளியா, இல்ல கவர்மெண்டு ஸ்கூலா?" என்கிறார். ஆதிதிராவிடர் நலப் பள்ளியை ஏதோ வேற்று நாட்டு அரசாங்கம் நடத்துகிற மாதிரி! இதிலெல்லாம் பிடிபடாவிட்டால் கடைசியாக ஆதார் அட்டை. அதில் முகவரி 'வடக்குக் காலனித் தெரு'. முடிந்தது. அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் மேனேஜர் மனதில் இருக்கும் பதிவேட்டை எந்த அரசாணை திருத்தும்?

ஐந்து வீடு பார்த்தேன். ஒன்றில் ஓனர் மகன் திடீரென்று குடிவரப் போவதாகச் சொன்னார்கள். இன்னொன்றில் "ஃபேமிலிக்கு விடறதில்ல சார், பசங்களுக்குத்தான்" என்றார்கள். அதே வீட்டைக் கேட்டுப் போன என் பழைய மாணவனிடம், "பசங்களுக்கு விடறதில்ல, ஃபேமிலிக்குத்தான்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மூன்று இடத்தில் ஒரே பதில்: ஓனரு சைவம். நாலு வீதியும் தேரோடுகிற ஊர்தான், சைவம் இருக்கட்டும், நாம் யாருடைய இலையிலும் கறியை வைக்கப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று வீட்டில் ஒன்றின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர் மீன் கழுவின தண்ணியை நான் நிற்கும்போதே வாசலில் ஊற்றினார். ஆக மீனுக்குத் தடையில்லை.

ஆறாவது வீடு ஒரு இசுலாமியப் பெரியவருடையது. அவருக்கு மேனேஜர் கிடையாது. எத்தனை பேர், வண்டி நிறுத்த இடம் வேணுமா, இரண்டே கேள்வி. மோட்டார் போடுகிற நேரத்தைச் சொன்னார். சுற்றி வந்த கதையைச் சொன்னபோது, "எம்மவனுக்கும் சென்னையில இதே கததான் தம்பி, பேரக் கேட்டதும் வீடு இல்லேங்கறான்" என்றார். அங்கேதான் இன்னமும் இருக்கிறோம்.

இனிக் கடலூர். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேனேஜர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கட்டுமானம் நல்லா இருக்கு, தண்ணி நல்லா இருக்கு, மார்க்கெட் கிட்ட, ஒம்பதாயிரத்துக்குக் குறையாம போகும் என்றார். மாச வாடகையில் நூற்றுக்கு எட்டு அவருக்கு. கூடத்தில் பாபாசாகேப் படத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வாசலுக்கு வந்து நிலைக்கு மேலே கருங்கல்லில் செதுக்கியிருக்கும் 'பீமராவ் இல்லம்' என்பதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார் தப்பா நெனைக்காதீங்க. வெள்ளையடிக்கும்போது இதுமேல ஒரு பூச்சு பூசிடலாம். காலி பண்ற அன்னிக்கு ஒரு தட்டு தட்டினா உதிர்ந்துடும். கல்லுக்கு ஒண்ணும் ஆவாது."

முடியாது என்றேன். சரி சார், உங்க இஷ்டம் என்றார். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. வந்தவர்கள் கேட்டைத் திறந்து, அண்ணாந்து படித்துவிட்டு, சமையற்கட்டைக்கூடப் பார்க்காமல் போனார்கள் என்று அவரே வந்து சொன்னார், ஏதோ நான் கேட்காத வைத்தியத்தை நினைவூட்டுகிற மாதிரி. வங்கிக்கு மாதத் தவணை போய்க்கொண்டிருந்தது, சிதம்பரத்தில் வாடகையும் போய்க்கொண்டிருந்தது. ஆக, வாடகைக்குப் போனாலும் நம் சாதி குறுக்கே வரும், வாடகைக்கு விட்டாலும் வரும். தலித் வீட்டில் குடியிருப்பதும் சிலருக்குத் தீட்டுதான். தலித்திடம் வாடகை கொடுப்பது அதைவிடப் பெரிய தீட்டு. முதல் தேதியானால் கை நீட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே! அதற்கு மேனேஜர் வசதி. பணத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம், வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டாம். மூன்றாம் மாதம் ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். அவர்களைப் பற்றிக் குறை எதுவுமில்லை.

அடுத்த ஏப்ரல் 14இல் கடலூரில் மாலை போடப் போன இடத்தில் ஒரு தோழரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மனைவி நர்ஸ். வீடு எங்கே தோழர் என்று கேட்டார், சொன்னேன். சந்தின் அடையாளம், மாடி, கொய்யா மரம் எல்லாம் கேட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா சொன்னார்கள்: "அண்ணா, அது ஒங்க வீடாண்ணா? நாங்க கேட்டோமே. வீட்டுக்கே கூட்டினு போவல. பஸ் ஸ்டாண்டுகிட்ட டீக்கடையில வச்சே பேசி அனுப்பிச்சிட்டாரு. எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டாரு. அப்புறம், ஓனரு சுத்த சைவம், கண்டிசனா சொல்லியிருக்காரு, ஒத்துக்க மாட்டாருன்னுட்டாரு."

என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேகும் என்பது சந்து முழுக்கத் தெரியும். மாட்டுக்கறி வாசம் மறைத்து வைக்கக்கூடியதா என்ன. எங்கள் தெருவில் என்னைச் சைவன் என்று சொன்னால் நாய்கூடச் சிரிக்கும். ஆனால் சிரிப்பு வரவில்லை. வீடு காலியாகக் கிடந்த அந்த இரண்டு மாதத்தில், தவணை கட்ட நான் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், என் பேரைச் சொல்லி, என் மக்களையே என் வாசலுக்கு வர விடாமல் டீக்கடையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மேனேஜரைக் கேட்டேன். அவர் வருத்தப்படவில்லை, ஆச்சரியப்பட்டார். "ஒங்க நல்லதுக்குத்தான் சார் சொன்னேன். ஒரு தடவ அவங்கள வச்சிட்டா அப்புறம் அந்த வீட்டுக்கு மத்தவங்க வர மாட்டாங்க. நாளைக்கு விக்கிறப்பகூட வெல போவாது. கல்லையும் எடுக்க மாட்டேங்கறீங்க, அது வேற. ஒங்களச் சொல்லல சார், நீங்க படிச்சவங்க." இவர் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சாதிச் சங்கத்தில் இருப்பவரா என்றால் இல்லை. என் சொத்தின் மதிப்பைக் காப்பாற்றுகிறார், அவ்வளவுதான். அதாவது, தலித் குடியேறினால் குறைகிற ஒன்றாக ஒரு வீட்டின் மதிப்பு கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு தலித்தின் வீட்டுக்கும் பொருந்தும் என்று அவர் நம்புகிறார். வீட்டுக்காரன் சொல்லித்தான் மேனேஜர் மறுக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யாரும் சொல்லவே தேவையில்லை என்பதற்கு என் வீடே சாட்சி. தனியாக உத்தரவு வந்தால்தான் அவர் மறுக்காமலிருப்பார்.

வீட்டுக்காரரைக் கேட்டால், "எனக்கொண்ணும் இல்லீங்க, அக்கம்பக்கம் பார்க்கணும், மேனேஜர்தான் எல்லாம்" என்பார். மேனேஜர், "எனக்கென்ன சார், ஓனர் ஒத்துக்கணுமே" என்பார். அக்கம்பக்கத்தைக் கேட்டால், "அது அவங்க வீடு, நாங்க யாரு சொல்றதுக்கு" என்பார்கள். மூன்று பேரும் யோக்கியர்கள். வீடு மட்டும் கிடைக்காது.

இந்த விளையாட்டு புதிதில்லை. பாபாசாகேப் 1917இல் வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதிக்குப் போனார். அந்த விடுதியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தான். இன்றைய சொல்லில் மேனேஜர். விடுதி காலியாகக் கிடந்தது, அவனுக்கும் நாலு காசு வேண்டும். பார்சிப் பேரில் பதிவேட்டில் எழுதிக்கொண்டால் தங்கலாம் என்று ஏற்பாடு. சாப்பாடும் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்து அவரை வெளியேற்றியது. அன்றைக்கு அவர் இரண்டு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தார். இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். இரண்டு பேருக்கும் சொந்தமாக ஆட்சேபணையே இல்லை, பாருங்கள்! கொலம்பியாவில் படித்தவர் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார். பரோடாவில் அன்றைக்குப் பதிவேட்டில் பேர் மாற்றினார்கள். கடலூரில் என் நிலைக்கல்லில் பூச்சு பூசச் சொன்னார்கள். வேலை ஒன்றுதான்.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தேன். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, தமிழ்நாட்டில் 2017ஆம் வருஷச் சட்டம் ஒன்று 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் உரிமைகள், பொறுப்புகள் பற்றியது. எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், முன்பணம் பொதுவாக மூன்று மாச வாடகைக்கு மேல் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. இதில் மேனேஜருக்கும் இடமிருக்கிறது. வீட்டுக்காரர் மேனேஜரை வைத்தால் அவர் பேர், அவருக்கு அதிகாரம் கொடுத்ததற்கான அத்தாட்சி, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையெல்லாம் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். மேனேஜர் ரசீது கொடுத்து வாடகை வாங்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், வீட்டைச் சோதிக்கலாம், நோட்டீஸ் கொடுக்கலாம், தகராறு தீர்க்க உதவ வேண்டும். கடைசியாக, வீட்டுக்காரர் நலனுக்கு விரோதமாக எதுவும் செய்யக் கூடாது. சாதி பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி? தேடினேன், இல்லை. குழாய்க்கும் கூரைக்கும் இடம் கொடுத்த சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. வீட்டுக்காரர் நலன் என்பதற்கு என் மேனேஜர் கொடுத்த அர்த்தத்தைத்தான் மேலே பார்த்தோம்.

அதற்காகச் சட்டமே இல்லையென்று கையை விரித்துவிட வேண்டியதில்லை. 1955ஆம் வருஷச் சட்டம், 1976 திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் பெற்றது. அதன் 4ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாக எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தடை செய்வது குற்றம் என்கிறது. 6ஆம் பிரிவு, எல்லோருக்கும் செய்கிற சேவையைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்கிறது. கமிஷனுக்கு வீடு காட்டுவது சேவை இல்லாமல் வேறென்ன? இன்னும் முக்கியமானது 12ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமை காரணமாகவே நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று காட்ட வேண்டியது எதிராளியின் பொறுப்பு. 'சைவம்' என்று சொல்லித் தப்பிப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு கிடையாது. தண்டனைதான் கேலிக்கூத்து: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் நூறு ரூபாய் முதல் ஐந்நூறு வரை. மேனேஜர் ஒரு வீடு முடித்தால் வருகிற கமிஷன் அதைவிட அதிகம்.

1976 திருத்தத்துக்கு அடிகோலியது 1965இல் அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை தந்த தீண்டாமை ஒழிப்புக் குழு. அதன் தலைவர் எல். இளையபெருமாள், நம் காட்டுமன்னார்கோயில்காரர். கடலூர் மண்ணிலிருந்து போனவர் தேசத்துக்கே கொடுத்துவிட்டு வந்த சட்டத்தைக் கடலூர் புரோக்கரின் மேசையில் யாரும் எடுத்துப் போடவில்லை. வீடு மறுத்ததற்காக எத்தனை தோழர்கள் காவல் நிலையம் போயிருப்பார்கள்? வீடு தேடுகிறவனுக்கு அன்றைக்கு வீடுதான் வேண்டும், வழக்கு வேண்டாம். அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான். அதனால்தான் இதை ஒரு தனி ஆளின் தலையில் போடாமல் இயக்கம் எடுத்துச் செய்ய வேண்டும் என்கிறேன்.

'என் வீடு, என் இஷ்டம்' என்கிற வாதம் வரும். படித்தவர்கள், ஏன், முற்போக்குப் பேசுகிறவர்களிடமிருந்தே வரும். உன் வீட்டில் நீ குடியிருக்கும்வரை சரி. 'டூ லெட்' பலகை மாட்டி, கமிஷனுக்கு ஆள் வைத்து, ஊருக்கெல்லாம் சொல்லி விலை பேசுகிறபோது அது கடை. அரசியல் சாசனத்தின் 15ஆம் உறுப்பில் கடைக்குள் நுழைய யாருக்கும் தடை கூடாது என்று வருகிறதல்லவா, அந்தக் 'கடை' என்ற சொல் எதைக் குறிக்கும் என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கேட்டார்கள். நிபந்தனைக்கு ஒத்துக்கொள்கிறவர்களுக்குத் தன் சேவையைத் தருகிற எவருடைய இடத்தையும் குறிக்கும் விரிந்த பொருளில்தான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறது என்று அம்பேத்கர் பதில் சொன்னார். 2011இல் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை வைத்துத் தனியார் கல்வி நிலையத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. மேனேஜர் ஆபீசைக் கொண்டுவருவதற்கு நம் வக்கீல் தோழர்கள் வாதாடிப் பார்க்க வேண்டும். எளிதில்லை. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினர்கள் பார்சிகளாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி செல்லும் என்று அதே நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொன்னது. பரோடா விடுதிக்கும் அகமதாபாத் சங்கத்துக்கும் நடுவே எண்பத்தெட்டு வருஷம்.

வெளியே பார்த்தால், அமெரிக்கக் கறுப்பர்கள் இந்த மேனேஜர் வர்க்கத்தைத்தான் முதலில் பிடித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1966இல் சிகாகோவில் வீட்டுத் தரகர் அலுவலகங்களின் வாசலில் போராட்டம் நடத்தினார். 1968 ஏப்ரல் 4இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், 11ஆம் தேதி நியாயமான வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. சும்மா வரவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ்தான் 1973இல் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான வாடகை வீடுகளை நிர்வகித்த டிரம்ப் குடும்ப நிறுவனத்தின் மேல் அரசாங்கமே வழக்குப் போட்டது. கறுப்பர் விண்ணப்பத்தில் அடையாள எழுத்துப் போட்டு ஒதுக்கினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொன்னார்கள். 1975இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, இனி பாகுபாடு காட்ட மாட்டோம் என்று உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மகன் பிற்பாடு அந்நாட்டு அதிபரானதும் நமக்குத் தெரியும்.

அங்கே ஒரு முறை இருக்கிறது. ஒரே சம்பளம், ஒரே வேலை உள்ள இரண்டு பேரை, ஒரு வெள்ளையர் ஒரு கறுப்பர், அடுத்தடுத்து அனுப்பி என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். இங்கேயும் சுகதேவ் தோரட்டும் அவர் நண்பர்களும் 2012இல் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இப்படிச் செய்து பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பேருக்கு வீடு மறுக்கப்படவில்லை. தலித்துகளில் பத்தில் நாலு பேருக்கு மறுப்போ, கூடுதல் நிபந்தனையோ வந்தது. முஸ்லிம்கள் நிலை இன்னும் மோசம். இதை நாம் சிதம்பரத்தில் செய்ய ஆராய்ச்சியாளர் தேவையில்லை. இரண்டு மாணவர்கள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நோட்டில் தேதியோடு எழுதினால் நாளைக்குப் 12ஆம் பிரிவோடு சேர்த்து வைக்க அது உதவும்.

'நிலம், கூலி, வன்கொடுமை என்று ஆயிரம் இருக்கும்போது சொந்த வீடு கட்டினவன் வாடகைக் கதை எதற்கு' என்று ஒரு தோழர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாக எனக்குப் படவில்லை. இந்த மாவட்டத்தில் பத்தில் ஏறத்தாழ மூன்று பேர் நாம். ஊரில் நிலம் கிடையாது. படித்து டவுனுக்கு வருகிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது தலைக்கு மேல் ஒரு கூரை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது பாடம் மட்டும் போதாது, பிள்ளைகள் தங்க இடமும் வேண்டும் என்று விடுதியும் சேர்த்து நடத்தினாரே, ஏன்? ஊருக்குள் வீடு தருகிறவன் இருந்திருந்தால் அதற்குத் தேவை இருந்திருக்காது. அந்த நர்ஸ் அம்மா இரவு ஷிப்ட் முடிந்து பத்து மைல் பஸ்ஸில் போவதற்கும், ஆஸ்பத்திரிக்கு நடை தூரத்தில் குடியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் கூலிப் பிரச்சினை இல்லையா? 1997இல் அறிவித்த சமத்துவபுரத்தில் நூறு வீட்டில் நாற்பது நமக்கு என்று அரசாங்கம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியது. ஊருக்குள்ளே ஏற்கனவே கட்டி நிற்கிற தெருக்களைத் தொடவில்லை. சிதம்பரம் தனித் தொகுதிதான். நாடாளுமன்றத்துக்கு நம்மில் ஒருவரை அனுப்ப ஒத்துக்கொள்கிற ஊர், மாடிப் போர்ஷனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து டவுனில் வீடு கட்டியவர்கள் நம்மில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். அந்த வீடுகளின் சாவி யாரிடம் இருக்கிறது, நம் பேரில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம்மில் சிலர் வாடகைக்கு 'நல்ல ஆளுங்களா' பார்த்துப் போடச் சொல்கிறார்கள் என்பதும் என் காதுக்கு வந்திருக்கிறது. அதற்கு அர்த்தம் என்னவென்று அவர்களே சொல்லட்டும்.

நான் மேனேஜரை மாற்றவில்லை, ஒப்பந்தத்தை மாற்றினேன். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதியது இவ்வளவுதான்: வீடு கேட்டு வருகிறவரிடம் சாதி, மதம், சாப்பாடு, சொந்த ஊரில் எந்தத் தெரு என்பதைக் கேட்கக் கூடாது. யாரை மறுத்தாலும் அவர் பேரையும் காரணத்தையும் எழுதி அந்த வாரமே எனக்குத் தெரிவிக்க வேண்டும். நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொன்னால் கொடுத்த அதிகாரம் அன்றோடு ரத்து. நிலைக்கல்லைத் தொடக் கூடாது. இரண்டு நாள் யோசித்தார். "இதெல்லாம் எழுதிக் குடுத்தேன்னு தெரிஞ்சா மத்த ஓனருங்க என்ன ஒரு மாதிரி பாப்பாங்க சார்" என்றார். அந்த நூற்றுக்கு எட்டை விட மனசில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். குடியிருப்போருக்கும் இதில் ஒரு வழி உண்டு. மேனேஜர் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி மறுத்தால், 'அதிகாரக் கடிதத்தைக் காட்டு, மறுப்பை எழுதிக் கொடு' என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கேட்ட தேதியையும் கூட இருந்த சாட்சியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோழர் குடும்பம் இப்போது செம்மண்டலம் தாண்டி வேறு வீடு பார்த்துப் போய்விட்டது. என் வீட்டில் இருப்பவர்கள் தை மாதம் காலி செய்கிறார்கள். இரண்டு படுக்கையறை, மாடி, கிணறு உண்டு. வாடகை ஒன்பதாயிரம், முன்பணம் மூன்று மாதம், கரண்டு மீட்டர் தனி. தேவைப்படும் தோழர்கள் மேனேஜரிடம் போக வேண்டாம், இதழ் முகவரிக்கே எழுதுங்கள்.